அமீனா தொட முடியாத காசு

1909 ஜனவரி 1, வெள்ளிக்கிழமை. பிரிட்டனில் ஊர்தோறும் இருந்த தபால் ஆபீஸ்களுக்கு 70 வயது கடந்த ஏழைகள் கையில் கூப்பன் புத்தகத்தோடு வந்தார்கள். ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தால் கவுன்ட்டரில் அந்த வாரத்துக்கான 5 ஷில்லிங்கை எண்ணி வைப்பார்கள். நாட்டின் முதல் அரசு முதியோர் ஓய்வூதியம் அது. தொடக்கத்தில் அதைப் பெற்றவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர்.

அந்த ஓய்வூதியத்தைக் கொண்டுவந்த 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்று உண்டு. ஓய்வூதியத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. அதன்மேல் கடன் வாங்க முடியாது. வாங்குபவர் திவாலானாலும் அது கடன்காரர் கைக்குப் போகாது. முதியவரே மனமொப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும் அந்தப் பத்திரம் செல்லாது. மளிகைக் கடைப் பாக்கி, வாடகைப் பாக்கி, வட்டிக்காரர் என்று வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கும் கூட்டத்தைச் சட்டம் எழுதியவர்கள் நன்றாகவே அறிந்திருக்க வேண்டும்.

ஓய்வூதியத்துக்குப் பின் நோய்க்கால உதவி, வேலையில்லாதோர் உதவி, குழந்தைகளுக்கான உதவி என்று ஒவ்வொன்றாக வந்தன. பாதுகாப்பும் கூடவே வந்தது. 1992-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டத்தில் அது 187-ஆம் பிரிவு. சாரம் அதேதான்: அரசு உதவித்தொகையை வேறொருவர் பெயருக்கு மாற்றுவதும் செல்லாது, அதன்மேல் உரிமை கொண்டாடுவதும் செல்லாது. நம்மூர் மொழியில் சொன்னால், அமீனா வந்தாலும் ஜப்தி செய்ய முடியாத பணம்.

அந்தப் பிரிவை இதுவரை யாரும் நீக்கவில்லை. ஆனால் 2003-க்குப் பிறகு சில ஆண்டுகள், பிரிட்டனின் மிக ஏழ்மையான வீடுகளிலிருந்து இதே உதவித்தொகையில் ஒரு பகுதியை வங்கிகள் எடுத்துக்கொண்டன. சட்டம் மாறவில்லை. பணம் வந்து சேரும் கவுன்ட்டர்தான் மாறியது.

கவுன்ட்டர் மாறியதன் கதைக்கு முன், வங்கிக்குள் காத்திருந்த பொறியைப் பார்த்துவிடலாம். அதன் பாகங்கள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நல்ல நோக்கங்களுக்காகச் செய்யப்பட்டவை.

முதல் பாகம் ஓவர்டிராஃப்ட். 1728-இல் எடின்பரோவில் வில்லியம் ஹாக் என்ற வணிகருக்கு, அவர் கணக்கில் இருப்பதற்கு மேலும் 1,000 பவுண்டு வரை எடுத்துக்கொள்ள ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து அனுமதி தந்தது. வங்கி தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. சரக்குக்குக் கொடுக்க வேண்டியது முன்னே, விற்று வரவேண்டியது பின்னே என்ற வணிகரின் தலைவலிக்கு அது மருந்தாக அமைந்தது.

இரண்டாவது பாகம் ஐஸ்கிரீம் வியாபாரத்தில் பிறந்தது. யூனிலீவரில் வேலை பார்த்த அலஸ்டர் ஹான்டன், வால்ஸ் ஐஸ்கிரீம் விற்பவர்களிடமிருந்து வரவேண்டிய பணத்தைத் தாமதமில்லாமல் வசூலிக்க ஒரு வழி தேடினார். கொடுக்க வேண்டியவர் அனுப்பட்டும் என்று காத்திராமல், வாங்க வேண்டியவரே அவர் கணக்கிலிருந்து இழுத்துக்கொள்ளும் முறை 1964-இல் உருவானது. அதுதான் டைரக்ட் டெபிட். நம் நாட்டில் மாதத் தவணைக்கு வங்கியில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோமே, அந்த ஏற்பாட்டுக்கு மூத்தது. எரிவாயு, மின்சாரம், தொலைபேசி, வீட்டுவரி என்று பிரிட்டிஷ் குடும்பத்தின் பில்கள் எல்லாம் பிற்பாடு இந்த வழிக்கு வந்தன. இதில் கட்டினால் எரிவாயு, மின் கம்பெனிகள் தள்ளுபடியும் தந்தன.

மூன்றாவது பாகத்தை மிட்லண்ட் வங்கி 1984-இல் கொண்டுவந்தது. கணக்கில் பணம் இருக்கும்வரை எந்தச் சேவைக்கும் கட்டணமில்லை என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் சாய, மற்ற வங்கிகளும் வேறு வழியில்லாமல் பின்தொடர்ந்தன. இலவசம் என்று எழுதிப் போட்டாலும் செலவு இருந்துகொண்டேதான் இருந்தது. அதை இரண்டு இடங்களில் எடுத்தார்கள். பணம் வைத்திருப்பவருக்கு வட்டி தராமலோ பெயருக்குத் தந்தோ ஒரு பங்கு. பணம் இல்லாதபோது செக்கோ டைரக்ட் டெபிட்டோ திரும்பினால் விதிக்கும் கட்டணத்தில் மறுபங்கு.

அந்த இரண்டாம் பங்கு எவ்வளவு என்பது பின்னாளில்தான் வெளியே தெரிந்தது. பிரிட்டனின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஓ.எஃப்.டி. 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2006-இல் தனிநபர் நடப்புக் கணக்குகளிலிருந்து வங்கிகளுக்குக் கிடைத்த வருவாய் 830 கோடி பவுண்டு. அதில் 260 கோடி, கணக்கில் போதிய பணமில்லாததற்காக விதித்த கட்டணம். அந்த ஒரே ஆண்டில் 1.26 கோடி கணக்குகள் ஒரு முறையாவது இந்தக் கட்டணத்தில் மாட்டின. நாலு கணக்கில் ஒன்றுக்குச் சற்றே குறைவு. மீதி மூன்று கணக்குகளின் இலவசத்துக்கு ஆன செலவில் ஒரு பங்கு வந்தது இந்த ஒன்றிலிருந்து.

இனி கவுன்ட்டர் கதை.

2003 ஏப்ரல் முதல் பிரிட்டிஷ் அரசு உதவித்தொகைப் புத்தகங்களையும் ஜைரோ செக்குகளையும் படிப்படியாக நிறுத்தத் தொடங்கியது. இனிப் பணம் நேராக வங்கிக் கணக்குக்கு. காரணங்கள் கேட்க நன்றாகவே இருந்தன: திருட்டும் மோசடியும் குறையும், தபால் ஆபீசுக்குக் கொடுக்கும் கூலி மிச்சமாகும், வங்கிக் கணக்கே இல்லாத லட்சக்கணக்கானோர் பொருளாதாரத்தின் உள்ளே வருவார்கள். அதற்கு முன்பே உதவித்தொகைக்கு மின்னணு அட்டை கொண்டுவர ஒரு கம்ப்யூட்டர் திட்டம் தொடங்கி, 1999-இல் சமூகப் பாதுகாப்புத் துறை அதிலிருந்து விலகியிருந்தது. மிஞ்சியதை அஞ்சல் துறை தன் கணக்கு வேலைக்கு எடுத்துக்கொண்டு ஹொரைசன் என்று அழைத்தது. அந்த மென்பொருளின் பிழையால் நூற்றுக்கணக்கான தபால் ஆபீஸ் நடத்துநர்கள் திருடர்களாகத் தண்டிக்கப்பட்டது தனிக் கதை. ஏழைகளின் உதவித்தொகையை நவீனமாக்கும் முயற்சியில் முளைத்த இரண்டு வினைகளில் அது ஒன்று. மற்றொன்று இங்கே சொல்லப்படுவது.

வங்கி வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு மாற்றும் இருந்தது. தபால் ஆபீஸ் கார்டு கணக்கு. அதில் அரசுப் பணம் மட்டும்தான் வரும், கவுன்ட்டரில் எடுக்கலாம், ஓவர்டிராஃப்ட் கிடையாது, டைரக்ட் டெபிட் கிடையாது. ஆகவே அபராதத்துக்கும் இடமில்லை. அதைப் பெறுவதை அரசு வேண்டுமென்றே கடினமாக்குகிறது என்று எம்.பி.க்களே குறை சொன்னார்கள். அப்படியும் 40 லட்சத்துக்கு மேற்பட்டோர் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள். வறுமையில் வாழ்கிறவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைப்பவர்கள் இந்த எண்ணிக்கையை ஒரு முறை பார்க்கலாம். ஆனால் அந்தப் பாதுகாப்புக்கும் விலை இருந்தது. டைரக்ட் டெபிட் இல்லாததால் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் தள்ளுபடி இல்லை.

வங்கிப் பக்கம் போனவர்களின் நிலையை ஒரு சின்னக் கணக்கில் சொல்லிவிடலாம்.

2006-07-இல் வேலையில்லாத, 25 வயதுக்கு மேற்பட்ட தனியாளுக்கு வேலை தேடுவோர் உதவித்தொகை வாரத்துக்கு 57.45 பவுண்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கடந்த வாரங்களுக்காக, 114.90 பவுண்டாக வரும். எரிவாயு பில்லுக்கு 20 பவுண்டு டைரக்ட் டெபிட் திங்கட்கிழமை வருகிறது, உதவித்தொகை செவ்வாய்க்கிழமை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் பணமில்லை, டெபிட் திரும்பிவிட்டது. அப்போது பெரிய வங்கிகளில் இதற்குக் கட்டணம் 35 முதல் 39 பவுண்டு வரை. 38 என்று வைத்தால், இரண்டு வார வருமானத்தில் மிஞ்சுவது 76.90. அதே வாரத்தில் தொலைபேசி பில்லும் திரும்பினால் மிஞ்சுவது 38.90. பதினான்கு நாளைக்கு அதுதான். எரிவாயு பில் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதோடும் நிற்காது. கட்டணம் பெரும்பாலும் உடனே கழிவதில்லை. சில வாரம் கழித்து, கணக்குக்காரர் மறந்திருக்கும் நாளில் கழியும். அன்று வரவேண்டிய வேறொரு டெபிட்டுக்கு வைத்திருந்த பணத்தை அது தின்றுவிடும். அந்த டெபிட் திரும்பும். அதற்கொரு கட்டணம். சம்பளக்காரருக்கு எரிச்சலூட்டும் செலவாக இருந்தது, உதவித்தொகையில் வாழ்பவருக்கு மாதக்கணக்கில் மீள முடியாத சுழலாயிற்று. அடிப்படைக் கணக்கு என்ற பெயரில் ஏழைகளுக்காகவே திறந்த கணக்குகள்கூட இதற்கு விலக்கில்லை. அவற்றில் ஓவர்டிராஃப்ட் கிடையாது. ஆனால் டெபிட் திரும்பினால் கட்டணம் உண்டு.

டெபிட்டைத் திருப்பி அனுப்புவதற்கு ஒரு கம்ப்யூட்டர், அதைத் தெரிவிக்கும் கடிதத்துக்கு இன்னொரு கம்ப்யூட்டர். மனிதர் கை படாத இந்த வேலைக்கு 38 பவுண்டு எப்படிச் செலவாகும் என்ற கேள்வியிலிருந்துதான் போராட்டம் தொடங்கியது.

கேள்விக்குச் சட்டத்தில் பழைய ஆதாரம் இருந்தது. 1914-இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்த டன்லப் டயர் வழக்கு. ஒப்பந்தத்தை மீறியவர் தரவேண்டிய தொகை, உண்மையான நஷ்டத்தின் நேர்மையான மதிப்பீடாக இருந்தால் செல்லும். மிரட்டுவதற்காக வைத்த அபராதமாக இருந்தால் செல்லாது. டனடின் பிரபு வகுத்த இந்த அளவுகோல் ஆங்கிலச் சட்டத்தில் நூறாண்டு நின்றது. அந்த வழக்கில் வென்றது என்னவோ டன்லப் கம்பெனிதான். குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்ற ஒவ்வொரு டயருக்கும் 5 பவுண்டு கேட்டது, அது நியாயமான மதிப்பீடு என்றார்கள். தோற்றவருக்கு உதவாத தீர்ப்பு, தொண்ணூறு ஆண்டு கழித்து வங்கி வாடிக்கையாளர்களின் ஆயுதமாயிற்று.

இந்தியாவில் இந்தச் சண்டை இதே வடிவில் வந்திருக்காது. ஆங்கிலேயர் இங்கே எழுதி வைத்த 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, அபராதம், நஷ்டஈடு என்ற பாகுபாட்டையே ஒதுக்கிவிட்டு, எழுதிய தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடு மட்டும் தரலாம் என்கிறது. சொந்த நாட்டில் கட்டிக்கொண்டு அழுத சிக்கலைக் குடியேற்ற நாட்டில் ஒரே பிரிவில் முடித்துவிட்டார்கள்.

டன்லப்போடு இன்னொரு ஆயுதமும் சேர்ந்தது. ஐரோப்பிய உத்தரவின்படி பிரிட்டன் கொண்டுவந்த 1999-ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகள். பேரம் பேசாமல் கம்பெனி அச்சடித்துத் தரும் ஒப்பந்தத்தில் வாடிக்கையாளருக்குப் பாதகமான நியாயமற்ற நிபந்தனை இருந்தால் அது அவரைக் கட்டாது. இதைக் கையிலெடுத்து ஓ.எஃப்.டி. 2006 ஏப்ரலில் கிரெடிட் கார்டு கம்பெனிகளின்மேல் பாய்ந்தது. தவணை தவறினால் வாங்கும் அபராதம் 12 பவுண்டுக்கு மேல் போனால் நியாயமற்றது என்று கொள்வோம் என அறிவித்தது. சட்டத்துக்குப் புறம்பாக ஆண்டுக்கு 30 கோடி பவுண்டுக்கு மேல் வசூலாகிறது என்றது. சில மாதங்களில் கார்டு அபராதங்கள் 12 பவுண்டுக்கு இறங்கின.

கார்டுக்கு 12 என்றால் கணக்குக்கு ஏன் 38? நாடு முழுக்க இந்தக் கேள்வி பரவியது. சட்டக் கல்லூரி மாணவரான ஸ்டீபன் ஹோன், பத்திரிகையாளர் மார்ட்டின் லூயிஸ் போன்றவர்கள் வழிமுறையை எளிதாக்கிக் கொடுத்தார்கள். வக்கீல் தேவையில்லை. அன்றைய தகவல் பாதுகாப்புச் சட்டப்படி 10 பவுண்டு கட்டினால் 40 நாளுக்குள் வங்கி உங்கள் கணக்கின் விவரம் முழுவதையும் தந்தாக வேண்டியிருந்தது. அதில் ஆறு ஆண்டுக் கட்டணங்களைக் கூட்டு. ஸ்காட்லாந்தில் ஐந்து ஆண்டு. திருப்பித் தரச் சொல்லி ஒரு கடிதம். இரண்டு வாரம் கழித்து, வழக்குப் போடுவேன் என்று இன்னொரு கடிதம். அப்புறம், அன்று 5,000 பவுண்டு வரையிலான சிறு வழக்குகளை எடுத்துக்கொண்ட நீதிமன்றம். ஆண்டுக்கு 8 சதவீத வட்டியும் கேட்கலாம்.

மாதிரிக் கடிதங்கள் லட்சக்கணக்கில் பிரதி எடுக்கப்பட்டன. உதவித்தொகையில் வாழ்பவர்களுக்கு இதில் ஒரு வசதி கூடுதல். வருமான அடிப்படையிலான உதவி பெறுபவருக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. வங்கி தன் வக்கீலை அனுப்ப நூற்றுக்கணக்கில் செலவழிக்க வேண்டும். எதிரில் நிற்பவருக்கு ஒரு விண்ணப்பப் படிவம் போதும். வாழ்க்கையில் முதல்முறையாக வங்கிக்கு எதிரே அவர் கை ஓங்கியிருந்தது.

வங்கிகள் பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. வழக்கு விசாரணைக்கு வரும் நாள் நெருங்கியதும், தவறை ஒப்புக்கொள்ளாமல் நல்லெண்ணத்துக்காக என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தன. விசாரணை நடந்தால் டெபிட் திரும்புவதற்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கைக் காட்ட வேண்டிவரும். அந்தக் கணக்கு வெளியே வருவதைவிடப் பணத்தைத் தருவது மலிவு என்று முடிவுசெய்திருந்தார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 2007-இன் முதல் பாதியில் மட்டும் பெரிய வங்கிகள் கோடிக்கணக்கான பவுண்டுகளை இப்படித் திருப்பித் தந்தன.

இந்தக் கடிதங்கள் பலவற்றில் 187-ஆம் பிரிவும் எடுத்துக் காட்டப்பட்டது. உதவித்தொகையின்மேல் யாருக்கும் உரிமையில்லை என்று சட்டம் சொல்லும்போது, கணக்கில் விழுந்த உதவித்தொகையிலிருந்து நீ எப்படிக் கட்டணம் எடுப்பாய்? சாமானியருக்கு இதைவிடத் தெளிவான கேள்வி இருக்க முடியாது. வங்கிச் சட்டத்தின் பதில் 1848-இல் இருந்து வந்தது. ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில் பிரபுக்கள் அவை சொன்னது இது: வங்கியில் போட்ட பணம் அந்த நொடியிலிருந்து வங்கியின் பணம், வாடிக்கையாளருக்கு இருப்பது அதே தொகையைத் திரும்பக் கேட்கும் உரிமை மட்டும். அதன்படி பார்த்தால், கணக்கில் விழுந்ததும் அது உதவித்தொகை இல்லை. வங்கி தரவேண்டிய கடன். வங்கிக்கு வரவேண்டியதை அதில் கழித்துக்கொள்ளலாம். 1909-இல் கவுன்ட்டரில் எண்ணி வைத்த 5 ஷில்லிங்குக்கு இந்த ஆபத்து இல்லை. கணக்கில் எழுதிய 57 பவுண்டுக்கு உண்டு.

அதற்கும் கடன் ஆலோசகர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பணம் செலுத்துபவர் அது எதற்கு என்று முன்கூட்டியே சொல்லலாம் என்ற பழைய பொதுச்சட்ட உரிமை. வரப்போகும் தொகையில் வாடகைக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, இதிலிருந்து கட்டணம் எடுக்காதே என்று வங்கிக்கு எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும், பணம் வருவதற்கு முன்பே எழுத வேண்டும். நடைமுறையில் பலரும் சொன்ன யோசனை இதைவிட எளியது: கடன் எதுவும் இல்லாத வேறொரு வங்கியில் புதுக் கணக்குத் தொடங்கி, உதவித்தொகையை அங்கே திருப்பிவிடு.

அலை உச்சத்தில் இருக்கும்போதே முதல் அடி விழுந்தது. 2007 மே மாதம் பர்மிங்ஹாம் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு வங்கி வழக்கை நடத்திப் பார்த்தது, வாடிக்கையாளர் தோற்றார். அந்தத் தீர்ப்பு மற்ற நீதிமன்றங்களைக் கட்டாது என்றாலும் வங்கிகளுக்குத் தைரியம் வந்தது.

ஜூலை 27 அன்று எல்லாம் நின்றுபோனது. ஏழு வங்கிகளும் நேஷன்வைட் வீட்டுக்கடன் சங்கமும் ஒருபுறம், ஓ.எஃப்.டி. மறுபுறமாக உயர் நீதிமன்றத்தில் ஒரு முன்மாதிரி வழக்கு நடத்த ஒப்புக்கொண்டார்கள். அது முடியும்வரை வாடிக்கையாளர் புகார்களை வங்கிகள் கிடப்பில் போடலாம் என்று, அவற்றை அப்போது கண்காணித்த நிதிச் சேவைகள் ஆணையம் சலுகை கொடுத்தது. மாவட்ட நீதிமன்றங்களில் இருந்த வழக்குகளுக்கு ஸ்டே. நிதிக் குறைதீர்ப்பாளரும் கோப்புகளை மூடி வைத்தார். கட்டணம் விதிப்பது மட்டும் நிற்கவில்லை. திருப்பிக் கேட்பதற்குத் தடை, எடுப்பதற்குத் தடையில்லை என்ற இந்த ஏற்பாடு இரண்டு ஆண்டுக்கு மேல் நீடித்தது. உண்மையான பணக்கஷ்டத்தில் இருப்பவர்களின் புகார்களுக்கு மட்டும் கதவு முழுதாக மூடப்படவில்லை. ஆனால் கஷ்டத்தில் இருக்கிறேன் என்று வரவுசெலவுப் பட்டியல் எழுதி, எடுத்தவரிடமே நிரூபிக்க வேண்டும்.

வழக்கு மெல்ல ஏறியது. 2008 ஏப்ரலில் நீதிபதி ஆண்ட்ரூ ஸ்மித் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இந்தக் கட்டணங்கள் டன்லப் அளவுகோலின்படி அபராதம் இல்லை. ஏன்? வங்கிகளின் ஒப்பந்த வாசகம் அப்படி இருந்தது. கணக்கில் பணமில்லாமல் ஒரு டெபிட் வந்தால் அது ஒப்பந்த மீறல் இல்லையாம். ஓவர்டிராஃப்ட் தருமாறு வாடிக்கையாளர் வைக்கும் வேண்டுகோளாம். வேண்டுகோளைப் பரிசீலித்ததற்குத்தான் 38 பவுண்டு. பரிசீலித்து மறுத்தாலும் 38 பவுண்டு. மீறல் இல்லாத இடத்தில் அபராதம் எப்படி வரும்? இதைப் படிக்கும் யாருக்கும் சிரிப்பு வரலாம். சட்டப்படி அந்த வாதம் நின்றது. இரண்டாவது, அபராதம் இல்லாவிட்டாலும் 1999 விதிகளின்படி இந்த நிபந்தனைகள் நியாயமானவையா என்று பரிசோதிக்கலாம். இந்த இரண்டாவது பகுதியை 2009 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. இந்தக் கேள்வியில் இரண்டு சுற்றிலும் வாடிக்கையாளர் பக்கம் வெற்றி. மூடி வைத்த கோப்புகளுக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது.

கடைசிச் சுற்று ஜூனில் பிரபுக்கள் அவையில் நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் அவையின் நீதிப் பணி முடிந்து, அக்டோபர் 1 அன்று பிரிட்டனின் புதிய உச்ச நீதிமன்றம் திறந்திருந்தது. நவம்பர் 25 அன்று ஃபிலிப்ஸ், வாக்கர், மான்ஸ், நியூபெர்கர் பிரபுக்களும் ஹேல் சீமாட்டியும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வங்கிகள் வென்றன.

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி மிகக் குறுகியது. 1999 விதிகளிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: தெளிவான மொழியில் எழுதியிருந்தால், ஒரு சேவைக்கு அதன் விலை பொருத்தமா என்று நீதிமன்றம் பார்க்கக் கூடாது. சந்தையில் கத்தரிக்காய் விலையை நீதிபதி நிர்ணயிக்கக் கூடாது என்ற அதே எண்ணம்தான். இந்தக் கட்டணங்கள் விலையா, இல்லையா? செக், கார்டு, டெபிட், கணக்கு அறிக்கை எல்லாம் சேர்ந்த ஒரே தொகுப்புச் சேவைக்கு வாடிக்கையாளர்கள் கொடுக்கும் விலையில் இதுவும் ஒரு பகுதி என்றது நீதிமன்றம். வருவாயில் மூன்றில் ஒரு பங்கு இதிலிருந்து வருகிறது என்பதே அதற்கு ஒரு காரணமாயிற்று. வங்கிகள் ஏழைகளிடம் எவ்வளவு அதிகமாக எடுத்தனவோ, அவ்வளவுக்கு அது விலையைப் போலத் தோன்றியது. இந்த வழக்கிலேயே கசப்பான முரண் இதுதான்.

கட்டணம் நியாயமானது என்று நீதிபதிகள் சொல்லவில்லை. சிலரின் எதிர்பாராத நெருக்கடியில் வாங்கும் பணத்தால் மற்றவர்களின் செலவைச் சரிக்கட்டுவது சரிதானா என்பது கேள்விக்குரியது என்று ஃபிலிப்ஸ் பிரபு தொட்டுக் காட்டினார். ஆனால் டிசம்பர் 22 அன்று ஓ.எஃப்.டி. வழக்கைத் தொடரப் போவதில்லை என்று கைவிட்டது. நிறுத்தி வைத்திருந்த மாவட்ட நீதிமன்ற வழக்குகளைத் தள்ளுபடி செய்யக் கோரி வங்கிகள் மனுப் போட்டன. 2007 ஜூலைக்கு ஆறு மாதம் முன்னால் கடிதம் எழுதியவருக்குப் பணம் வந்தது. ஆறு மாதம் பின்னால் எழுதியவருக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது.

கிளாஸ்கோவில் மட்டும் சிலர் விடவில்லை. கப்பல் பட்டறைகளுக்குப் பெயர்போன கோவன் பகுதியில் ஏழைகளுக்காக இயங்கும் கோவன் சட்ட மையமும் அதன் வழக்கறிஞர் மைக் டெய்லியும் புது வாதங்களை உருவாக்கினார்கள். 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தில் பின்னாளில் சேர்த்த 140ஏ பிரிவு, கடன் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான உறவே நியாயமற்றதாக இருந்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்கிறது. தொகுப்புச் சேவையின் விலை என்ற மதிலை இதன் வழியே சுற்றிப் போகப் பார்த்தார்கள். கட்சிக்காரருக்குக் கட்சிக்காரர் நிலைமை வேறு என்பதால் ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே நடத்த வேண்டியிருந்தது. பழைய அலை திரும்ப வரவில்லை.

2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் டன்லப் அளவுகோலையே திருத்தி எழுதியது. அந்த முறை வாதி ஒரு வாகன நிறுத்துமிடக் கம்பெனி. நேரம் கடந்து வண்டியை நிறுத்தியதற்கு 85 பவுண்டு. கம்பெனிக்கு நியாயமான நலன் ஒன்று இருந்து, தொகை அதற்கு அளவுமீறாமல் இருந்தால் போதும் என்று தீர்ப்பு. நூறாண்டுக் கதை அத்தோடு முடிந்தது.

நீதிமன்றத்தில் கிடைக்காதது ஒழுங்குமுறை அமைப்புகளின் வழியாகத் துண்டு துண்டாக வந்தது. 2014 டிசம்பரில் ஒன்பது வங்கிகள் நிதியமைச்சகத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2016 ஜனவரி முதல் அடிப்படைக் கணக்குகளில் டெபிட் திரும்பினால் கட்டணமில்லை. 2017-இல் ஒவ்வொரு வங்கியும் மாதத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு எடுக்கும் என்று தானே ஓர் உச்சவரம்பை அறிவிக்க வேண்டியதாயிற்று. வரம்பு எவ்வளவு என்பதை வங்கியின் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள்.

உண்மையான மாற்றம், வங்கிகளைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையத்திடமிருந்து வந்தது. அதன் ஆய்வில், 2016-இல் அனுமதியில்லாத ஓவர்டிராஃப்ட் கட்டணத்தில் பாதிக்கு மேல் வெறும் 1.5 சதவீத வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது தெரிந்தது. வறுமை மிகுந்த பகுதிகளில் வாழ்பவர்களே அதிகம் மாட்டினார்கள். 2020 ஏப்ரல் 6 முதல் ஓவர்டிராஃப்டுக்கு நிலையான கட்டணம் எதுவும் கூடாது. ஆண்டு வட்டி விகிதம் ஒன்றுதான். அனுமதியில்லாமல் எடுத்ததற்குக் கூடுதல் விலை கூடாது. டெபிட் திரும்பினால் உண்மைச் செலவுக்கு ஏற்பத்தான் வாங்கலாம். 100 பவுண்டை அனுமதியில்லாமல் எடுத்தால் நாளொன்றுக்கு 5 பவுண்டு வரை ஆகிக்கொண்டிருந்த செலவு 20 பென்சுக்கும் கீழே வந்துவிடும் என்றது ஆணையம். செலவுக்கு ஏற்ற கட்டணம் என்பது 2006-இல் மாதிரிக் கடிதங்களில் கேட்டது.

வங்கிகள் வட்டியை 40 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தின. எச்.எஸ்.பி.சி.யும் நேஷன்வைடும் 39.9 சதவீதம். அது அதிகம்தான். ஆனாலும் திங்களுக்கும் செவ்வாய்க்கும் நடுவே 20 பவுண்டு குறைந்தவருக்கு ஒரு நாள் வட்டி ஏறக்குறைய இரண்டு பென்சுதான். 38 பவுண்டோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம்.

புதிய விதிகள் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வரவில்லை. ஸ்டேயில் கிடந்து தள்ளுபடியான வழக்குகள் மறுபடி திறக்கப்படவில்லை. தபால் ஆபீஸ் கார்டு கணக்குகளும் 2022-இல் முடிவுக்கு வந்தன. உதவித்தொகை பெறும் பெரும்பாலோருக்கு இப்போது வங்கிக் கணக்குதான் வழி. 2009 தீர்ப்பு ஊன்றி நின்ற விலக்கைப் பாராளுமன்றம் நீக்கவும் இல்லை. 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் அது தொடர்கிறது, வாசகம் தெளிவாகவும் கண்ணில் படும்படியும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அப்படி எழுதிவிட்டால், விலை பொருத்தம்தானா என்ற கேள்வியை ஆங்கில நீதிமன்றம் இன்றும் எடுத்துக்கொள்ளாது.